மலடி என்னும் சொல்

உலகில் ஒருபோதும் இல்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டாகத் தருக்க நூலார் முயற்கோட்டையும், ஆகாயப்பூவையும், மலடி மகனையும் கூறுவர். முன்னைய இரண்டும் எவரையும் நோவச் செய்யா. பின்னையதோ ஒரு பெண்ணின் நெஞ்சைச் சுடுவது. மலடன் என்னும் ஆண்பாற் சொல்லும் நம் மொழியில் உண்டு. ஆயினும் ஊர்வாயில் அது வழங்கக் கேட்பது அரிது.

வாவிக்கு மேற்கே வெல்லாவெளி முதலாய படுவான்கரை ஊர்களில் இவ்வழக்கு மற்றொரு வகையாலும் ஆராய்தற்குரியது. மட்டக்களப்பு மரபிலே குடி தாய்வழி வருவது. குடியின் கிளையை வயிற்றுவார் என்றே வழங்குவர். பெண்ணின் வயிற்றைக் குடிக்கு வேராக மதித்த அம்மரபிலே, மகப்பேறு வாய்க்காதவிடத்துப் பழியும் அவள்மேலேயே விழுவது எளிது. அது நீதியாகுமா என்பதை மருத்துவ நூல்கொண்டு நோக்குவோம்.

ஓராண்டு கருத்தடையின்றி இல்லறம் நடத்தியும் கரு அமையாதாயின் அதனை மகப்பேறின்மை என்பர் மருத்துவர். வளர்ந்தோரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருகாலத்தேனும் இந்நிலைக்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது.

பெண்பாலிற் காணும் ஏதுக்களுள் முதலாவது, சூலகத்திலிருந்து முட்டை ஒழுங்காக வெளிப்படாமை. முதிராத சிறு முட்டைப்பைகள் பல சூலகத்தில் தங்க, மாதவிடாய் தாழ்த்து வரும் நோயே இதற்குப் பெருங்காரணம். சிக்காகோ நகரத்து ஸ்டைன், லெவந்தால் என்னும் மருத்துவர் இருவர் 1935இல் இதனை விளக்கி எழுதினர். தைரொயிட் சுரப்பியின் கோளாறும், புரோலக்டின் மிகுதலும், உடல் மிக மெலிதலும் பருத்தலும் இவ்வொழுங்கைக் குலைப்பன. இரண்டாவது, முட்டையும் விந்தும் கூடும் குழாய் அடைபடுதல். கிளமிடியா, கொணோரியா முதலிய தொற்றுக்கள் யாதோர் அறிகுறியுமின்றி வந்து குழாயைத் தழும்பாக்கிவிடுதலும் உண்டு. காசநோயும் சிலரிடத்து அவ்வாறே செய்யும். மூன்றாவது, கருப்பையின் அகவுறையை ஒத்த இழையம் கருப்பைக்குப் புறத்தே வளரும் எண்டோமெற்றியோசிஸ். மாதவிடாய்க் காலத்துப் பெருவலி இதன் குறி. நான்காவது, கருப்பையிலுண்டாகும் தசைக்கட்டியும் ஒட்டுத் தழும்பும். இவற்றோடு வயதும் சேரும். 35 கடந்தோர் ஓராண்டு காத்திராது ஆறு மாதத்திலேயே வைத்தியரை அணுகுதல் வேண்டும்.

இவற்றுள் எது பெண்ணின் குற்றம்? எது முன்வினை? அன்றியும், மகப்பேறற்ற தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்து ஆணின் குறை தனித்தோ உடன்சேர்ந்தோ காணப்படும். விந்துப் பரிசோதனை எளிது, வலியற்றது. அதனைச் செய்வியாது மனைவியை மட்டும் ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தல் அறியாமையன்றி வேறன்று.

முட்டை வெளிப்படுதற்கு மாத்திரைகள் உள. கட்டிக்கும் தழும்புக்கும் சத்திரசிகிச்சை உண்டு. குழாய் அடைபட்ட தாயொருத்திக்கு, உடலுக்குப் புறத்தே கருக்கூட்டிய முதற் குழந்தை இங்கிலாந்தில் 1978 யூலை 25இல் பிறந்தது. அம்முறையைக் கண்ட ரொபேட் எட்வேட்ஸ் 2010இல் நோபல் பரிசு பெற்றார்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்திலோ கண்ணகியம்மன் சந்நிதியிலோ நேர்த்தி வைத்தலை யாம் விலக்குகின்றேமல்லேம். அங்கே இருவராய்ச் செல்வோர் பெண்ணோயியல் வைத்திய நிபுணரிடத்தும் இருவராகவே செல்க என்பதே எம் வேண்டுகோள். மாதவிடாய் பல திங்கள் தாழ்த்தலும், பள்ளிக்கு வரவொட்டாத வலியும் வெட்கத்தால் மறைக்கத்தக்கன அல்ல என்பதை ஆசிரியர்கள் மாணவியர்க்கு அறிவுறுத்துக.

மலடி எனப்பட்டாள் ஒருத்தி மகனைப் பெறுதல் இக்காலத்து மருத்துவமனைகளில் நிகழக் காண்கின்றோம். ஆதலின் தருக்க நூலாரின் எடுத்துக்காட்டும் பழுதாயிற்று. இல்பொருளுக்கு முயற்கோடு ஒன்றே போதும்.