காசோலை கைக்கு வந்தால் கடன் தீர்ந்ததா?

மெர்லிமாவில் என் தந்தையார் மளிகைக் கடை நடத்திய காலத்தில், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கும். தோட்டங்களில் வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளர்கள் தங்கள் ஆட்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் என மொத்தமாக வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் தள்ளித் தேதியிட்ட காசோலைகளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். காசோலை தகரத்துக்குள் போகும். அதே நாளில் கடன் நோட்டில் அவர்கள் பெயருக்கு நேரே 'தீர்ந்தது' என்று கோடு விழும்.

ஒரு முறை 3,200 வெள்ளிக் காசோலை ஒன்று தகரத்தின் அடியில் தங்கிவிட்டது. கண்டெடுத்தபோது அதன் தேதி ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தது, வங்கி ஏற்கவில்லை. கொடுத்தவரோ மாநிலம் மாறிப் போய்விட்டார். கடன் நோட்டைப் புரட்டினால் அவர் பாக்கியே இல்லாத நல்ல வாடிக்கையாளர்! பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அது வரவேண்டிய பணம் என்று சொல்ல நம் கணக்கிலேயே ஒரு வரி இல்லை என்பதுதான் அப்பாவை அதிகம் வருத்தியது.

தவறு எங்கே நேர்ந்தது? காசோலை கைக்கு வந்ததும் கடன் தீர்ந்துவிட்டதாக எண்ணியதில்தான்.

உண்டியல் கற்பித்த பாடம்

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதன்று. மலாயா, பர்மா, இலங்கை எனப் பரவி வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார், ஊர்விட்டு ஊர் பணம் மாற்ற உண்டியல் எனும் சீட்டைப் பயன்படுத்தினர். காட்டியவுடன் பணம் தரவேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துத் தரவேண்டியது தவணை உண்டியல். சீட்டு வேறு, பணம் வேறு என்பதை அறிந்தே அவர்கள் பேரேடு எழுதினர்.

நம் நாட்டின் 1949ஆம் ஆண்டு மாற்றுச்சீட்டுச் சட்டமும், வங்கியின் மீது எழுதப்பட்டு, கேட்டவுடன் தரப்பட வேண்டிய மாற்றுச்சீட்டையே காசோலை என்கிறது. ஆகவே, காசோலை என்பது பணத்தைத் தருமாறு இடும் ஓர் ஆணை. அதை வங்கி நிறைவேற்றும்வரை அது வெறும் சீட்டுதான்.

மென்பொருளில் நான்கு படிகள்

இன்றைய கணக்கியல் மென்பொருள்கள் பலவற்றில் இதைச் செம்மையாகச் செய்யலாம். ஜாசினில் ஒரு மொத்த வணிகர் 4,800 வெள்ளிக்கு 60 நாள் தள்ளித் தேதியிட்ட காசோலையைப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதற்படி, பதிதல். காசோலை எண், வங்கி, தொகை, தேதி ஆகியவற்றைப் பதிந்து, எந்தப் பட்டியலுக்காக வந்தது என்றும் குறிக்க வேண்டும். வாடிக்கையாளர் கணக்கில் 4,800 வரவு. 'கைவசக் காசோலை' எனும் கணக்கில் 4,800 பற்று. வங்கிக் கணக்கைத் தொடவே கூடாது.

இரண்டாம் படி, சமர்ப்பித்தல். நாளும் காலையில் 'இன்று தேதி வந்த காசோலைகள்' என்று மென்பொருளிடம் கேட்டால் அது பட்டியலிட்டுத் தரும். பிஸ்கட் தகரத்தால் முடியாத வேலை இது! பட்டியலின் கூட்டுத் தொகையும் வங்கியில் போடும் சீட்டின் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது 'கைவசக் காசோலை' வரவாகி, 'வசூலுக்குச் சென்றவை' பற்றாகும்.

மூன்றாம் படி, வசூல். இக்காலத்தில் காசோலைத் தாள் வங்கிக்கு வங்கி பயணம் செய்வதில்லை. அதன் படமே செல்கிறது. பெரும்பாலும் மறு வேலை நாளில் முடிவு தெரிந்துவிடும். பணம் சேர்ந்ததை வங்கி அறிக்கையில் கண்ட பின்னரே வங்கிக் கணக்கில் பற்று எழுத வேண்டும்.

நான்காம் படி, திரும்பி வந்தால். ஐந்து காசோலைகளைச் சேர்த்துப் போட்டு ஒன்று மட்டும் திரும்பினால், வங்கி அறிக்கையில் முழுத் தொகையும் ஏறியிருக்கும். திரும்பியது தனி வரியில் கழிந்திருக்கும். அந்த வரியைக் கவனிக்காதவர் ஏமாறுவார். திரும்பிய தொகையை வாடிக்கையாளர் பெயரிலேயே மீண்டும் பற்று எழுத வேண்டும். பழைய பதிவை அழித்துவிடக் கூடாது; அடுத்த முறை அவருக்குக் கடன் கொடுக்கலாமா என்பதை அந்தப் பதிவே சொல்லும். 12 மாதங்களுக்குள் மூன்று முறை பணமில்லாக் காசோலை கொடுத்தவரின் நடப்புக் கணக்கு மூடப்படும் என்பதையும் நினைவிற்கொள்க.

சில வணிகர்கள் தவணை முடியும்வரை காத்திராமல், தவணைச் சீட்டை வட்டம் கழித்து வங்கியிடமிருந்து முன்கூட்டியே பணமாகப் பெறுவதுண்டு. பொதுவாக, எழுதியவர் பணம் தராவிட்டால் வங்கி நம்மிடமே திரும்பக் கேட்கும். எனவே அந்தப் பொறுப்பையும் தவணை நாள்வரை கணக்கில் காட்டியாக வேண்டும்.

விடுமுறையில் ஒரு வேலை

2015 ஜனவரி முதல் ஒவ்வொரு காசோலைக்கும் 50 சென் கட்டணம் வந்தது. இணையவழிப் பணமாற்றமும் பெருகிவிட்டது. எனினும் தவணைக் கடன் ஒழிந்துவிடவில்லை. பணம் அனுப்பியதாகக் கைப்பேசியில் காட்டும் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுப்பதும் பழைய பிஸ்கட் தகரத்தின் புதிய வடிவமே அன்றோ!

தவணை அடைப்புக்கு ஊர் திரும்பும் தம்பி தங்கையரே! அலோர் காஜாவிலோ மஸ்ஜித் தானாவிலோ உங்கள் வீட்டுக் கடையிலும் ஒரு தகரம் இருக்கக்கூடும். அதைத் திறந்து, உள்ளிருக்கும் காசோலைகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பதிந்து கொடுங்கள். வருமான வரிச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஏழாண்டுகள் காக்க வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். மென்பொருள் வாங்க வசதியில்லையெனில் கோடு போட்ட நோட்டில் 'வந்தது', 'வங்கிக்குப் போனது', 'பணமானது' என மூன்று பத்திகள் போதும். அப்பாவிடம் இல்லாமற்போனது அந்த மூன்றாவது பத்திதான்.