உங்களுக்குத் தெரியுமா? விளக்குக்கா, குடத்துக்கா?

கரம்பொன் என்றதும் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் நினைவுக்கு வருவார். 1913இல் அவர் பிறந்த ஊர் அது. அந்த ஊர் அடங்கிய ஊர்காவற்றுறைத் தொகுதிக்கு அரசியலிலும் ஒரு கதை உண்டு. தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வி. நவரத்தினம் 1963 முதல் 1970 வரை இந்தத் தொகுதியின் உறுப்பினர். சமஷ்டி சரிவராது என்று கட்சியோடு முரண்பட்டுப் பிரிந்து, தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். 1970இல் இந்தத் தீவுத் தொகுதி மக்கள் அவரைத் தோற்கடித்துவிட்டு, தமிழரசின் கா. பொ. இரத்தினத்தை அனுப்பினார்கள். 1977இல் அதே இரத்தினம் தமிழர் விடுதலைக் கூட்டணியின் தனிநாட்டுக் கோரிக்கையோடு வந்தார். அப்போதும் அவரையே அனுப்பினார்கள். எங்கள் ஆட்களின் மணிக்கூடு நவரத்தினத்தாரின் மணிக்கூட்டைவிட ஏழு வருடம் பிந்தித்தான் ஓடியிருக்கிறது!

இலங்கைக்குச் சமஷ்டிதான் பொருத்தம் என்று 1926இலேயே எழுதியும் பேசியும் திரிந்தவர் யார்? எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. யாழ்ப்பாணத்துக்கே வந்து அதைப் பேசினார். 30 வருடம் கழித்துத் தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்தவரும் அவரேதான்.

ஓர் இடைத்தேர்தலே சர்வசன வாக்கெடுப்பு ஆனது தெரியுமா? 1972 அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்ட, தமிழரசுக் கட்சியின் தந்தை செல்வா காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். உடனே தேர்தல் வைக்காமல் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது அரசு. 1975 பெப்ரவரி 6இல் வாக்களிப்பு நடந்தபோது 16,470 மேலதிக வாக்குகளால் வென்றார்.

இலங்கையில் நாடு முழுவதற்கும் சர்வசன வாக்கெடுப்பு ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது: 1982 டிசம்பர் 22. சுயாட்சி பற்றியதா? இல்லை. 1977இல் தெரிவான நாடாளுமன்றம், பொதுத்தேர்தல் வைக்காமல் இன்னும் ஆறு வருடம் கதிரையில் இருக்கலாமா என்பதுதான் கேள்வி. 'ஆம்' என்றால் விளக்கு, 'இல்லை' என்றால் குடம். அவசரகாலச் சட்டத்தின் கீழ் நடந்த வாக்கெடுப்பில் 54.7 வீதத்தோடு விளக்கு வென்றது. அப்போது கிளிநொச்சியையும் சேர்த்திருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலோ பத்தில் ஒன்பது வாக்குக்கு மேல் குடத்துக்கு. குடம் நிரம்பி வழிந்தும் தாகம் தீரவில்லை.

அப்படி நீடித்த நாடாளுமன்றம் 1983 ஓகஸ்டில் ஆறாம் திருத்தத்தைக் கொண்டுவந்தது. தனிநாட்டை ஆதரிப்பதே குற்றம் என்றானது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்ய மறுத்த கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். ஊர்காவற்றுறைக்கும் ஆள் இல்லாமல் போனது. தனிநாட்டுக் கேள்வியை மக்களிடமே கேட்ட இடங்களும் உண்டு. ஸ்கொட்லாந்தில் 2014இல் 'பிரிவதா, இருப்பதா' என்று 16 வயதுப் பிள்ளைகளிடமும் வாக்குக் கேட்டார்கள். பிரிவு வேண்டாம் என்றோர் 55.3 வீதம். 1995இல் கனடாவின் கியூபெக்கில் பிரிவு தோற்ற வித்தியாசம் 54,288 வாக்குகள்தான். இரண்டு இடத்திலும் தோற்ற கட்சி இன்றும் தேர்தலில் நிற்கிறது.

சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டும் நடக்காத வாக்கெடுப்பு ஒன்று உண்டு. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைக்க வழி செய்தது. இணைப்பு நிலைக்கவேண்டுமா என்று 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கு மாகாண மக்களிடம் கேட்கவேண்டும். ஆனால் ஜனாதிபதி விரும்பினால் பின்போடலாம். அந்த 'ஆனால்' போதாதா? ஜனாதிபதிகள் மாறினார்கள், பின்போடுவது மாறவில்லை. கடைசியில் 2006 ஒக்டோபர் 16இல் இணைத்த முறையே செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் வடக்கு வேறு, கிழக்கு வேறு. கிழக்கு மக்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

மாகாண சபைகளைத் தந்த 13ஆம் திருத்தத்துக்குச் சர்வசன வாக்கெடுப்புத் தேவையா என்ற வழக்கில், ஒன்பது நீதியரசர்கள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து நின்றார்கள். 'ஒற்றையாட்சி' என்ற சொல்லை மாற்றுவதானால் பேச்சுக்கே இடமில்லை: மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நாடு முழுவதும் வாக்கெடுப்பும் வேண்டும். சமஷ்டி கேட்பவர் காலியிலும் மாத்தறையிலும்தான் முதலில் வீடு வீடாகப் போகவேண்டும்.

2009 டிசம்பரில் கனடாத் தமிழர் தாங்களாகவே பெட்டி வைத்து, தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மீது வாக்களித்தார்கள். 100க்கு 99க்கு மேல் 'ஆம்'. சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது.

கடைசியாக எங்கள் கணக்கு. 1988 நவம்பரில் வடக்கு-கிழக்கு மாகாண சபைத் தேர்தல் என்றார்கள். வடக்கின் 36 ஆசனங்களுக்கும் போட்டியே இல்லை, ஆகவே வாக்குச்சீட்டும் இல்லை. 2013 செப்டெம்பர் 21இல்தான் வடமாகாண சபைக்கு உண்மையான தேர்தல் நடந்தது. 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான். 2024இல் ஜனாதிபதித் தேர்தலும் பொதுத்தேர்தலும், 2025 மே மாதம் பிரதேச சபைத் தேர்தலும் வந்தன. மாகாணத்துக்கு மட்டும் திகதி வரவில்லை. 13ஆம் திருத்தம் வந்து 37 வருடத்துக்கு மேலாகிறது. கரம்பொன்னில் இருந்துகொண்டு மாகாண சபைக்குப் புள்ளடி போட்டவர், அதை ஒரே ஒரு தடவைதான் போட்டிருக்கிறார்.