தூத்துக்குடி போறீங்களா? ஒட்டப்பிடாரத்து வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க!

தூத்துக்குடின்னா பீச், பரோட்டா, மக்ரூன்னு நம்ம பிளான் முடிஞ்சிடும். இந்த முறை ஒரு அரைநாளை ஒதுக்கி, சுமார் 25 கி.மீ தொலைவில் இருக்கும் ஒட்டப்பிடாரத்துக்கு வண்டியைத் திருப்புங்க. 1872 செப்டம்பர் 5-ம் தேதி வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊர் அது. அவர் இல்லத்தை நினைவகமாக அரசு பராமரித்துவருகிறது. டிக்கெட் கிடையாது.

உள்ளே பிரமாண்டமா எதுவும் இருக்காது. வாழ்க்கை வரலாற்றைச் சொல்லும் படங்கள், ஒரு நூலகம்... அவ்வளவுதான். கதை தெரியாமல் போனால் பத்தே நிமிடத்தில் வெளியே வந்துடுவீங்க. அதனால், கதையைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

25 ரூபாய் பங்கு

அன்று தூத்துக்குடி - கொழும்பு கப்பல் போக்குவரத்து ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவுசெய்தார் வ.உ.சி. மூலதன இலக்கு 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். எஸ்.எஸ்.காலியா, எஸ்.எஸ்.லாவோ என இரண்டு கப்பல்களும் வந்துசேர்ந்தன.

பிரிட்டிஷ் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கட்டணத்தைக் குறைத்தது. அப்பவும் கூட்டம் சுதேசிக் கப்பலுக்கே போனதால், இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்று ஆஃபரை அள்ளிவிட்டது. இன்றைய ஆப்களின் விலைப்போட்டிக்கெல்லாம் தாத்தா!

கப்பலில் இருந்து செக்குக்கு

1908 மார்ச்சில் வ.உ.சி கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டுகள். அப்போது அவருக்கு வயது 35. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும், கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் உரிமமும் இல்லை. சென்னையில் மளிகைக்கடை வைத்துப் பிழைத்தார். பின்னாளில், உரிமம் திரும்பக் கிடைக்க உதவிய நீதிபதி வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படங்களுக்கு முன்னால் நின்று பாருங்க. பத்து நிமிடம் போதாது.

எப்படிப் பிளான் பண்ணலாம்?

காலையில் ஒட்டப்பிடாரம், அப்படியே பக்கத்தில் இருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை. மாலையில் தூத்துக்குடி பழைய துறைமுகப் பக்கம் வந்துடுங்க. கரையோரம் கடல் ஆழமில்லாததால், அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் தள்ளியே நிற்கும். சரக்கும் சனமும் படகில்தான் போய் ஏறணும்.

புதிய துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சி பெயரைச் சூட்டினார்கள். போர்டில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது, காலையில் பார்த்த வீடு உங்களுக்கு ஞாபகம் வரும். அதுக்காகத்தான் அந்த அரைநாள்.