தூத்துக்குடித் துறைமுகத்தில் கடலோடிகள் நலப்பணி

தூத்துக்குடித் துறைமுகத்தில் கடலோடிகள் நலப்பணி என்பது, வ. உ. சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பணியாளர்களுக்குக் கிறித்தவ அமைப்புகள் அளிக்கும் ஆன்மிக, சமூக உதவிகளைக் குறிக்கும். திருப்பூர்ப் பின்னலாடைகள் கொள்கலன்களில் அடைக்கப்பட்டு வெளிநாடு செல்லும் முதன்மை வழி இத்துறைமுகமாகும். கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும் கொள்கலனின் பயணத்தை ஏற்றுமதியாளர் நாள்தோறும் கவனிப்பார். கப்பலை இயக்குபவர் எவரென அவர் அறிய வாய்ப்பில்லை.

தோற்றம்

1835 ஆம் ஆண்டு ஜான் ஆஷ்லி என்னும் ஆங்கிலிக்கன் குரு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் கடற்பகுதியில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களுக்குப் படகில் சென்று மாலுமிகளைச் சந்திக்கத் தொடங்கினார். இம்முயற்சியின் தொடர்ச்சியாக 1856 இல் உருவானதே இன்றைய மிஷன் டு சீஃபேரர்ஸ் அமைப்பு. பறக்கும் வானதூதர் இதன் சின்னம். கத்தோலிக்க அமைப்பான ஸ்டெல்லா மாரிஸ் 1920 இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கப்பட்டது. இலத்தீன் மொழியில் 'கடலின் விண்மீன்' எனப் பொருள்படும் இப்பெயர் மரியாளைக் குறிப்பது. இவ்விரு அமைப்புகளும் தூத்துக்குடியில் பணியாற்றுகின்றன.

பணிகள்

நிலக்கரிக் கப்பல் சரக்கிறக்கப் பல நாள்கள் நிற்கும். கொள்கலன் கப்பலோ பெரும்பாலும் ஒரு நாளுக்குள் புறப்பட்டுவிடும். துறைமுகம் நகரிலிருந்து தள்ளி அமைந்திருப்பதால், மாதக்கணக்கில் கடலில் இருந்தவருக்குக் கிடைக்கும் சில மணிநேரம் வாயிலைக் கடப்பதிலேயே கழியக்கூடும். எனவே துறைமுகக் குருவும் தன்னார்வலரும் கப்பலுக்கே செல்கின்றனர். நகருக்கு வண்டி, வீட்டோடு பேசத் தொலைபேசி இணைப்பு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் முதலியன வழக்கமான உதவிகள். விரும்புவோருக்கு வழிபாடும் உண்டு. எனினும் சமயம் பார்த்து உதவுவதில்லை. கப்பல் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர் என்பதால், தலைவரிடம் சொல்லத் தயங்கும் குறையையும் மாலுமி குருவிடம் சொல்ல முடிகிறது. இப்பணியின் உண்மையான பயன் இதுவே எனலாம்.

கைவிடப்படும் மாலுமிகள்

உரிமையாளர் குறைந்தது இரண்டு மாத ஊதியம் தராமல் தொடர்பை முறித்துக்கொண்டால், அது கைவிடல் எனக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை (2006) கருதுகிறது. உணவும் நாடு திரும்பும் செலவும் மறுக்கப்படுவதும் அவ்வாறே. 2017 முதல் நடைமுறையிலுள்ள திருத்தம், நான்கு மாதம் வரையிலான நிலுவை ஊதியத்துக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 2015 இல் ஏற்றது. காப்பீட்டாளர் பணம் தரும்வரை கப்பலில் அரிசியும் குடிநீரும் தீர்ந்துபோகாமல் பார்ப்பது பல துறைமுகங்களில் இத்தகைய அமைப்புகளின் வேலையாகிறது.

சீமன் கார்டு ஒகையோ வழக்கு

2013 அக்டோபரில் இந்தியக் கடலோரக் காவல்படை சீமன் கார்டு ஒகையோ என்னும் கப்பலைத் தடுத்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. கடற்கொள்ளையரிடமிருந்து பிற கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்கள் அதில் இருந்தனர். உரிய அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்ததாக இந்தியர், எசுத்தோனியர், பிரித்தானியர், உக்ரைனியர் என 35 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2014 இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கை நீக்கியது. 2015 இல் உச்சநீதிமன்றம் அதை மீட்டது. 2016 சனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. பிணையில் வெளிவந்தும் ஊர் திரும்ப இயலாமல் வருவாயின்றி இருந்த காலத்திலும், பின்னர் சிறையிலும் அவர்களுக்கு மிஷன் டு சீஃபேரர்ஸ் உதவியது. குருக்கள் சிறைக்குச் சென்று சந்தித்தனர். வெளிநாட்டிலிருந்த குடும்பங்களுக்கும் ஆதரவளிக்கப்பட்டது. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை அவர்களை விடுவித்தது.