நெருப்பெறும்பு: கடிக்குச் சிகிச்சையும் வீட்டுக்குக் காப்பும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கண்மாய்களில் நீர் ஏறும் காலத்தில், கமுதி வட்டாரத்தில் மண்ணுக்கடியில் வாழும் எறும்புகள் மேடு தேடி வீடுகளுக்குள் வருகின்றன. நலமுடன் நடமாடும் ஒருவருக்கு எறும்புக் கடி சற்றுநேர எரிச்சலே. கைக்குழந்தைக்கும், எழ இயலாமல் படுத்திருக்கும் முதியவருக்கும், பாதத்தில் உணர்ச்சி குன்றிய நீரிழிவு நோயாளிக்கும் அது அவ்வாறன்று. ஆகவே, நோயாளி வீடு திரும்புமுன் அவர்தம் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எந்த எறும்பு?

செவ்வெறும்பு, கடியெறும்பு என்று பொதுவாக நாம் அழைப்பவற்றுள் முதன்மையானது நெருப்பெறும்பு. ஒரே புற்றில் மிகச் சிறியனவும், பெருந்தலை கொண்டனவும் கலந்து காணப்படும். வரப்பு, கடைக்கால் ஓரம், மாட்டுத்தொழுவம், மோட்டார் சுவிட்சுப் பெட்டி ஆகியவை இதற்கு உகந்த இடங்கள். இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதி. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பல்களில் மெக்சிகோவிலிருந்து மணிலாவுக்கு வந்து, பின்னர் ஆசியாவெங்கும் பரவியது.

2022ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலைப் பகுதியில் கால்நடைகளைத் துன்புறுத்திய எறும்பு வேறு வகை. மஞ்சள் கிறுக்கெறும்பு எனப்படும் அது கொட்டுவதில்லை, அமிலத்தைப் பீய்ச்சுகிறது. அத்தகைய அமிலம் கண்ணில் பட்டால், கண்ணைக் கசக்காமல் தூய நீரால் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும்.

கடித்தால் நேர்வது என்ன?

நெருப்பெறும்பு தாடையால் தோலைப் பற்றிக்கொண்டு, வயிற்றின் நுனியிலுள்ள கொடுக்கால் பலமுறை கொட்டும். அந்த நஞ்சே எரிச்சலையும் தடிப்பையும் உண்டாக்குகிறது. எறும்புகளை உடனே துடைத்து அகற்றுங்கள். கடிவாயைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவிக் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். கொப்புளம் தோன்றினால் உடைக்காதீர்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாம்பல் ஆகியவற்றைத் தடவுவது புண்ணையே வளர்க்கும்.

சிலருக்கு நஞ்சிலுள்ள புரதங்கள் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடும். மூச்சுத் திணறல், முகம் அல்லது நாக்கு வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, தலைசுற்றல், தொடர் வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திராமல் 108ஐ அழையுங்கள். அந்நிலையில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி; வீட்டு வைத்தியத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பாகும்.

நீரிழிவு நோயாளிகள் இரவுதோறும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். வலிக்காத கடியும் சீழ்ப்புண்ணாக மாறலாம். ஒருவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால், அவருக்கு இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

தெளிப்பு ஏன் பயன் தருவதில்லை?

நம் கண்ணில் படுபவை இரை தேடி வெளிவந்த எறும்புகள் மட்டுமே. முட்டையிடும் இராணி புற்றின் ஆழத்தில் இருக்கிறது. தெளிப்பு மருந்தில் வரிசை மடியும், புற்று மடியாது. 1957 முதல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நெருப்பெறும்பை ஒழிக்க விமானங்கள் மூலம் கடும் நஞ்சுகளைத் தூவினார்கள். பறவைகளும் கால்நடைகளும் மாண்டன, எறும்பு ஒழியவில்லை. 2001இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நெருப்பெறும்பு கண்டறியப்பட்டபோது, சோயா எண்ணெயில் ஊறிய சோளக்குருணையில் மருந்து கலந்து இரையாக இட்டார்கள். எறும்புகளே அதைச் சுமந்து சென்று புற்றிலுள்ளவற்றுக்கு ஊட்டும். மெதுவாக வேலை செய்யும் மருந்தே இராணி வரை சென்று சேரும்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. சோப்பு கலந்த நீரால் எறும்பு வரிசையைத் துடையுங்கள். எறும்புகள் மடிவதுடன், பின்வருபவற்றுக்கு வழிகாட்டும் வாசனைத் தடமும் அழியும். தரை வெடிப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள்.

2. சுவரையும் செடியையும் ஒட்டாத புற்றில், அதிகாலையில் கொதிநீரை மெதுவாக ஊற்றலாம். ஒருமுறை போதாது, சில நாட்கள் கழித்து மீண்டும் ஊற்ற வேண்டும். குழந்தைகள் அருகில் இருத்தலாகாது.

3. நூறு மில்லி நீரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் கால் தேக்கரண்டி போரிக் அமிலமும் கரைத்துப் பஞ்சில் நனைத்து, துளையிட்ட மூடியுள்ள டப்பாவில் எறும்புத் தடத்தருகே வையுங்கள். மருந்தின் அளவைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே மடிந்து நோக்கம் கெடும். பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அங்கே தெளிப்பு மருந்து அடிக்காதீர்கள். இதுவும் நஞ்சே; குழந்தைக்கும் கோழிக்கும் ஆட்டுக்கும் எட்டாத இடத்தில் மட்டும் வையுங்கள்.

4. நோயாளியின் கட்டில் சுவரைத் தொடாமலும், போர்வை தரையில் புரளாமலும் இருக்கட்டும். கட்டில் கால்களைச் சோப்பு நீர்க் கிண்ணங்களில் நிறுத்தலாம். கொசு பெருகாதிருக்க வாரம் இருமுறை கிண்ணங்களைக் கவிழ்த்துத் தேய்த்து நீரை மாற்றுங்கள். சிந்திய பாலையும் கஞ்சியையும் உடனே துடைத்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டினுள் தெளிக்காதீர்கள். எந்த மருந்தையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் எறும்புச் சாக்குக்கட்டியால் கோடு கிழிப்பதும், தொட்டிலடியில் எறும்புப் பொடி தூவுவதும் எறும்பைவிடப் பெரிய ஆபத்து. குழந்தை தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், அந்த மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். எந்த நஞ்சு என்று அறிந்தால், அதற்குரிய சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்க எங்களால் இயலும்.