காதுக்குள் ஓயாத இரைச்சல்... கையில் பேனா! - கும்பகோணம் எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராமின் கதை

கும்பகோணம் என்றதும் நமக்கு மகாமகக் குளம், டிகிரி காபி, வெற்றிலை, பட்டு எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊரில் பட்டு ஜரிகை வியாபாரம் செய்த ஓர் எழுத்தாளரின் காதுக்குள் பல வருடங்கள் குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. வேறு யாருக்கும் கேட்காத குரல்கள். அவர் எம்.வி.வெங்கட்ராம்.

1920-ல் கும்பகோணத்தில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதிலேயே அவர் கதை 'மணிக்கொடி'யில் வந்துவிட்டது. தி.ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு எல்லாம் நெருங்கிய நண்பர்கள். வியாபாரத்தில் கையில் காசு இருந்த காலத்தில் 'தேனீ' என்றொரு இலக்கியப் பத்திரிகையும் நடத்தினார். பிறகு வியாபாரம் நொடித்தது. குரல்களும் வந்தன.

அந்த அனுபவத்தைத்தான் 'காதுகள்' நாவலாக எழுதினார். நாயகன் மகாலிங்கம். அவன் காதுக்குள் யார் யாரோ பேசுகிறார்கள், திட்டுகிறார்கள், காது கூசும் ஆபாசம் பேசுகிறார்கள். பொய் என்று அவனுக்குத் தெரிகிறது. ஆனாலும் நிற்கவில்லை. அதற்கு நடுவில்தான் சாப்பிட வேண்டும், வந்தவரிடம் பேச வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த நாவலில் குரல்களைவிட இதுதான் அதிகம் வலித்தது. உள்ளே அத்தனை கூச்சலை வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரிடம் 'சரிங்க' என்று தலையாட்டுவது எவ்வளவு பெரிய வேலை!

வெங்கட்ராம் எழுத்தை விடவில்லை. குடும்பத்தை நடத்த, தலைவர்கள், சான்றோர்கள் பற்றிய வாழ்க்கை வரலாறுகளைப் பதிப்பகத்துக்கு வரிசையாக எழுதிக் கொடுத்தார். மொழிபெயர்ப்பும் செய்தார். இலக்கியக் கூட்டங்களில் யாரும் இவற்றைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் வீட்டில் அடுப்பெரிய வைத்தது இந்த மாதிரி வேலைதான்.

அவருக்கு இருந்தது என்ன நோய்? புத்தகத்தைப் படித்துவிட்டு நாம் பெயர் வைக்க முடியாது. மனச்சிதைவில் குரல்கள் கேட்கலாம். தீவிர மனச்சோர்விலும், 'பைபோலார்' எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு முற்றும்போதும் கேட்கலாம்.

பைபோலாரை நம்ம டெல்டாக்காரர்களுக்கு ஈஸியாகச் சொல்லலாம். மேட்டூர் திறந்ததும் காவிரி கரை தொட்டு ஓடுகிற மாதிரி சில வாரங்கள்... தூக்கமே வேண்டாம், ராத்திரி முழுக்க எழுதலாம், கடன் வாங்கிக்கூடச் செலவு செய்யலாம். அப்புறம் பங்குனி மாத ஆற்று மணல் மாதிரி வெறுமை. எழுந்து பல் தேய்ப்பதே மலை. பாய்ந்து ஓடும் நாள்களைப் பார்த்து 'என்னா திறமை' என்று மெச்சுகிறோம். மணலாய்க் கிடக்கும் நாள்களில் 'சோம்பேறி' என்கிறோம். ரெண்டுமே அந்த மனிதர் இல்லை!

1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இதற்கு லித்தியம் பலன் தருவதைப் பதிவு செய்தார். இன்றும் அது முக்கியமான மருந்து. அளவு கூடினால் ஆபத்து என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை அவசியம். 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று தானாக நிறுத்துவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்க உளவியல் பேராசிரியர் கே ஜேமிசனே அப்படி நிறுத்தி, பட்ட பாட்டை 1995-ல் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பாடம் நடத்துகிறவருக்கே அந்தக் கதி.

நம் பக்கம் இன்னொரு விஷயமும் உண்டு. 'காத்து கருப்பு' என்று சொல்லி, காவிரிக்கரை குணசீலம் பெருமாளிடம் 48 நாள் தங்க அழைத்துப்போவார்கள். மகாலிங்கமும் முருகனைத்தான் பிடித்துக்கொள்கிறான். கோயிலுக்குப் போவது தப்பில்லை. மாத்திரையையும் பையில் எடுத்துப் போங்கள். தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே.

'காதுகள்' புத்தகமாக வந்தது 1992-ல். அப்போது வெங்கட்ராமுக்கு 72 வயது. அடுத்த வருடமே சாகித்ய அகாடமி விருது. 2000 ஜனவரியில் அவர் மறைந்தார்.

புத்தகம் இப்போதும் கிடைக்கிறது. ஒரேயொரு எச்சரிக்கை... நான் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து, முடியாமல் மூடி வைத்துவிட்டேன். காலையில் அம்மா காபி போடும் சத்தம் கேட்ட பிறகுதான் மறுபடி எடுத்தேன்.