வாசலிலேயே ஒர்க்‌ஷாப் – 7: ஜாக்கிக்கு அடியில் என்ன?

போன வாரம் வீல் நட்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே அதைத் தளர்த்திவிட வேண்டும் என்பதோடு நிறுத்தினோம். இந்த வாரம் ஸ்டாண்டு பற்றி என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கணக்கு குறுக்கே வந்துவிட்டது.

காற்றுக் கடையில் ‘32 வைங்க’ என்கிறோமே, அது சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு. நம் அளவில் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.2 கிலோ. டயர் தரையை அழுத்துவதும் கிட்டத்தட்ட அதே அளவில்தான்! பாரம் கூடினால் டயர் இன்னும் கொஞ்சம் பதிந்து, தரையைத் தொடும் பரப்பைக் கூட்டிக்கொள்ளும். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ என்றால், தொடும் இடம் சுமார் 136 சதுர செ.மீ.

காரோடு வரும் கத்திரி ஜாக்கிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அடித்தகடு 10க்கு 6 செ.மீ. என்று வையுங்கள். 60 சதுர செ.மீ.யில் அதே 300 கிலோ இறங்கினால், சதுர செ.மீ.க்கு 5 கிலோ. டயரைப் போல இரு மடங்குக்கும் மேல்!

சிமென்ட் தரை தாங்கும். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கரிசல் தாங்குமா? பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற மண். மழை பெய்தால் களியின் நுண்ணிய அடுக்குகளுக்குள் நீர் புகுந்து உப்பும்; வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி ஈரத்தில் ஜாக்கியின் ஒரு விளிம்பு அமுங்கினாலே போதும், கார் சாய்ந்து ஜாக்கி நழுவிவிடும். சித்திரையில் கெட்டியாகத் தெரியும் மண்ணும் வெடிப்பு ஓரத்தில் உடையும்.

இதைச் சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்கள் கணக்குப் போடாமலே அறிவார்கள். கல்லங்குறிச்சி சாலையோரம் ஒரு டிரைவர் கிளீனர் பையனை அதட்டியதைக் கேட்டிருக்கிறேன்: “மொதல்ல பலகைய எடுடா, அப்புறம் ஜாக்கி!”

நமக்கும் அதுவே. 30க்கு 30 செ.மீ. அளவில், இரண்டு அங்குலக் கனத்தில், வெடிப்பில்லாத மரப்பலகை ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். 900 சதுர செ.மீ.யில் பாரம் பரவினால், அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.33 கிலோவாக இறங்கிவிடும். சரிவு இல்லாத இடமாகப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, தூக்காத பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியின் தலை, கம்பெனிக் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் உட்கார வேண்டும்.

இடம் முடிந்துவிட்டது, ஸ்டாண்டு அடுத்த வாரம். சிமென்ட் ஊர், வாசலுக்கு வாசல் ஹாலோ பிளாக் கிடக்கிறது என்று அதை முட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஓரிடத்தில் பாரம் குவிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அதை நம்பி யாரும் காருக்கு அடியில் போகாதீர்கள்.